சட்டியில் இல்லையென்று சொன்னவர் யார்?



பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். புள்ளிகள் குறைவென்றால் பிள்ளை அதைக் கொப்பிகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கும். தகப்பனார் இரண்டாம் முறை கேட்ட பின்னரே அது வெளியில் வரும். பிறகு ஒரு பெருமூச்சு. அதன் பின்னால் யாரோ ஒருவர் வாயிலிருந்து அந்தப் பழமொழி: “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.”

இதே பழமொழியை ஆசிரியர்களும் தம்முள் சொல்லிக்கொள்வதுண்டு. அங்கே சட்டி என்பது பிள்ளையின் மூளையை மாத்திரமல்ல, பிள்ளையின் வீட்டையும் குறிக்கும். தகப்பன் குடிக்கிறான், தாய்க்கு எழுத்து வாசனை இல்லை, இருந்து படிக்க ஒரு மேசை கிடையாது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு நாம் என்னத்தைச் செய்வது?

இப்பேச்சில் பொய்யில்லை. அதுதான் இதிலுள்ள சங்கடம். பொய்யாயிருந்தால் மறுத்துவிட்டு மேலே போகலாம். வறுமை படிப்பைக் கெடுக்கும் என்பதை அறிய நமக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. கண்ணுள்ள எவருக்கும் தெரியும். ஆனால், காரணம் வேறு, சாட்டு வேறு அல்லவா? ஒரு காரணம் உண்மையாயிருப்பதனால் மாத்திரம் அது நம்மைக் கடமையிலிருந்து விடுவிக்கும் சாட்டாகிவிடுமா? நல்ல மனச்சாட்சியுள்ள மனிதர்களே இவ்விடத்தில் தடுமாறுகிறார்கள்.

இந்தக் கேள்வியையே தம் வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொண்ட ஒரு கல்விப் பேராசிரியர் அமெரிக்காவில் இருந்தார். ரொனால்ட் எட்மண்ட்ஸ் என்பது அவர் பெயர். கறுப்பினத்தவர். 1935 இல் மிச்சிக்கன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்னும் ஊரிற் பிறந்து, 1983 இல் தம் 48 ஆவது வயதில் மறைந்தார். அவர் பெயர் நம்மிடையே அதிகம் அறியப்பட்டதன்று. ஆயினும் அவர் எழுப்பிய வாதம் எந்த நாட்டுப் பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் உரியது. அதை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்னே வந்த ஓர் அறிக்கையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

1964 இல் அமெரிக்கா குடியியல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, நாட்டில் யார் யாருக்குக் கல்வி வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்று ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்றும் அச்சட்டம் பணித்தது. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் தலைமையில் அவ்வேலை நடந்தது. ஏறத்தாழ 4,000 பாடசாலைகள், 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். அந்நாள் வரையில் அவ்வளவு பெரிய கல்வி ஆய்வு நடந்ததில்லை என்றே சொல்லலாம். கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகளில் கட்டடமும் நூல்நிலையமும் ஆய்வுகூடமும் மிகக் குறைவாயிருக்கும், அதுவே அவர்கள் பின்தங்குவதற்குக் காரணமாயிருக்கும் என்று கோல்மன் உட்பட எல்லாரும் எதிர்பார்த்தனர். 1966 இல் அறிக்கை வெளியானபோது எல்லார்க்கும் வியப்பு. பாடசாலைகளின் வசதிகளிடையே இருந்த வேறுபாடு எதிர்பார்த்ததிலும் குறைவு. பிள்ளை எவ்வளவு கற்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது பாடசாலையின் வசதி அல்ல. பிள்ளையின் வீடும் குடும்பப் பின்னணியுமே.

அறிக்கை சொன்னது அவ்வளவுதான். ஆனால் ஊர் அதை வாசித்த விதம் வேறு. “பாடசாலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீடு நன்றாயிருந்தால் பிள்ளை படிக்கும், இல்லாவிட்டால் இல்லை” என்று அது சுருங்கிப் போயிற்று. நம் பழமொழிக்கு விஞ்ஞானம் கையொப்பமிட்டது போலாயிற்று. இதனால் யாருக்கு ஆறுதல் என்று பாருங்கள். வரிப் பணத்தை ஏழைகளின் பாடசாலைக்குச் செலவிட விரும்பாதவருக்கு ஆறுதல். களைத்துப்போன ஆசிரியருக்கும் ஆறுதல். ஏழைகள் மீது உண்மையாகவே இரக்கமுள்ள சிலருக்குங்கூட அது ஒத்துப்போயிற்று. வறுமை முழுவதும் ஒழியும்வரை பாடசாலையைக் குறைசொல்லி என்ன பயன் என்று அவர்கள் வாதித்தார்கள். வறுமை முழுவதும் ஒழியும் நாள் வருவதற்குள் இன்று ஏழு வயதான பிள்ளைக்கு எழுபது வயதாகிவிடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எட்மண்ட்ஸ் உயர்தரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருந்தவர். மாநிலக் கல்வித் திணைக்களத்தில் பணிசெய்தவர். எழுபதுகளில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறக் கல்வி ஆய்வு நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்தார். கோல்மனின் எண்களை அவர் பொய்யென்று சொல்லவில்லை. அவற்றிலிருந்து பிறர் எடுத்த முடிவையே மறுத்தார். பாடசாலைகள் இன்றைக்கு நடக்கிற விதத்தில் நடக்கும்போது வீடே வெல்லுகிறது என்பது ஒன்று. பாடசாலை எப்படி நடந்தாலும் வீடே வெல்லும் என்பது இன்னொன்று. முதலாவதை எண்கள் காட்டுகின்றன. இரண்டாவதை எந்த எண்ணும் காட்டவில்லை. இந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் அவர் தம் வாழ்நாள் வேலையைச் செய்தார்.

ஆயிரக்கணக்கான பாடசாலைகளின் பொதுப்போக்கை அவர் தேடவில்லை. விதிவிலக்கைத் தேடினார். ஏழைப் பிள்ளைகள் மாத்திரமே படிக்கும் பாடசாலைகளுள், அப்பிள்ளைகள் உண்மையாகவே கற்கின்ற பாடசாலை எங்காவது உண்டா? அவருக்கு முன்னரே 1971 இல் ஜோர்ஜ் வெபர் என்பவர் அப்படி நான்கைக் கண்டு எழுதியிருந்தார்: நியூயோர்க் நகரில் இரண்டு, கன்சாஸ் நகரில் ஒன்று, லொஸ் ஏஞ்சலிசில் ஒன்று. நகரங்களின் மிக வறிய பகுதிகளில் நின்ற அப்பாடசாலைகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வாசித்தார்கள். எட்மண்ட்ஸும் அவருடைய குழுவினரும் டிற்றோயிற் நகரின் வறிய பகுதியொன்றில் 20 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுட் சில நன்றாகவே கற்பித்தன. ஒரே விதமான குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் இரண்டு பாடசாலைகளை அவர்கள் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அந்நாட்டுப் பரீட்சைகளில் ஒரு பிள்ளையின் தேர்ச்சியைப் பள்ளிக்கூட மாதக் கணக்கிற் சொல்லுவது வழக்கம். அக்கணக்கின்படி ஒரு பாடசாலைப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் நகரத்தின் சராசரிக்கு ஏறத்தாழ 4 மாதம் முன்னே நின்றார்கள். மற்றப் பாடசாலையில் வாசிப்பில் ஏறத்தாழ 3 மாதமும் கணிதத்தில் ஒன்றரை மாதமும் பின்னே. வீடுகள் ஒன்றுபோல, வறுமையும் ஒன்றுபோல. சட்டி ஒன்றாயிருக்க, அகப்பையில் வந்தது மாத்திரம் வேறு.

இவ்விடத்தில் அவர் கையாண்ட அளவுகோலையும் கவனியுங்கள். எனக்கு அவருடைய நெறியுணர்வு முழுவதும் அதிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு பாடசாலை நல்லதா என்று அறிய நாம் என்ன கேட்போம்? எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள், சராசரிப் புள்ளி எத்தனை என்றுதானே கேட்போம். எட்மண்ட்ஸ் அதைக் கேட்கவில்லை. அடிப்படைப் பாடங்களிற் தேறிய பிள்ளைகளின் விகிதம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடையே எவ்வளவோ, ஏழை வீட்டுப் பிள்ளைகளிடையேயும் அவ்வளவாயிருக்கிறதா என்று கேட்டார். அப்படியிருந்தால் மாத்திரமே அதை நல்ல பாடசாலை என்பார். இந்த அளவுகோலால் அளந்தால் பெயர்பெற்ற எத்தனையோ பாடசாலைகள் தேறா. கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேரின் புகழ் ஒரு பாடசாலையின் பெயர்ப்பலகைக்குப் போதும். பின்வாங்கில் இருக்கும் முப்பது பேரை அந்தப் புகழ் மூடிவிடும். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்குப் புதிதாயிருக்கக் கூடாது. ஆனாலும் பாடசாலை என்று வரும்போது நாம் சராசரியையே கேட்கிறோம்.

சரி, அந்தப் பாடசாலைகளில் அப்படி என்ன இருந்தது? 1979 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையால் அவர் சொன்னவை நாடெங்கும் பரவின. பிற்காலத்தில் அவற்றை ஐந்தாக எண்ணி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். அதிபர் அலுவலகத்துக்குள் முடங்கிக் கிடக்காமல் வகுப்பில் நடக்கும் கற்பித்தலிற் கண்ணாயிருத்தல், பாடசாலை எதற்காக இருக்கிறது என்பது எல்லார்க்கும் தெளிவாயிருத்தல், பயமில்லாத ஒழுங்கு, எல்லாப் பிள்ளையும் கற்கும் என்ற எதிர்பார்ப்பு, பிள்ளை கற்றதா என்று அடிக்கடி பார்த்து அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றுதல். வாசித்துவிட்டு, இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதிலே அதிசயம் ஒன்றுமில்லை. வெபர் தம் நான்கு பாடசாலைகளைப் பற்றி எழுதும்போது, வெற்றிக்கு வேண்டும் என்று பலரும் எண்ணியிருந்த சில அங்கே இருக்கவில்லை என்பதையும் குறித்திருக்கிறார். சிறிய வகுப்புகள் இல்லை. சிறப்பான கட்டடங்கள் இல்லை. கெட்டிக்காரரை வேறாகவும் மந்தமானவரை வேறாகவும் பிரித்து வைத்த வகுப்புகளுக்கும் வெற்றிக்கும் தொடர்பு இல்லை.

1974 இல் நியூயோர்க் மாநிலம் வெளியிட்ட ஓர் ஆய்வையும் எட்மண்ட்ஸ் எடுத்துக்காட்டுவார். ஒரே நகரில், ஏழைப் பிள்ளைகளின் இரண்டு பாடசாலைகள். ஒன்றில் வாசிப்பு நன்று, மற்றதில் மோசம். மோசமான பாடசாலையின் ஆசிரியர்கள், பிள்ளைகள் வாசிக்காததற்கான காரணங்களைப் பாடசாலைக்கு வெளியிலேயே கண்டார்கள். தம்மால் பெரிதாக ஒன்றும் செய்யமுடியும் என்று நம்பவில்லை. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். பிள்ளைகள் தோற்றதனால் ஆசிரியர் நம்பிக்கை இழந்தாரா, ஆசிரியர் நம்பிக்கை இழந்ததனால் பிள்ளைகள் தோற்றார்களா? ஓர் ஆய்வு இதைத் தீர்த்துவிடாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவ்விருவருள் பெரியவர் ஆசிரியர். சம்பளம் பெறுபவரும் அவரே. முதலில் எழும்ப வேண்டியவர் யாரென்பதில் ஐயமில்லை.

இனி எட்மண்ட்ஸின் கடினமான கேள்விக்கு வருகிறேன். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று நீங்கள் நம்புவதற்கு அப்படிப்பட்ட பாடசாலைகள் எத்தனையை உங்களுக்குக் காட்டவேண்டும் என்று அவர் தம் எதிராளிகளைக் கேட்பார். ஒன்று போதாது என்றால், ஏழைப் பிள்ளையைப் பற்றி நீங்கள் முன்னரே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றே அவர் எண்ணினார். கடுமையான பேச்சுத்தான். ஆனால் அதன் தருக்கத்தைப் பாருங்கள். “முடியாது” என்பதை உடைக்க ஓர் உதாரணம் போதும். அதன் பிறகு நாம் சொல்லக்கூடியது “செய்யவில்லை” என்பது மாத்திரமே. முடியாததைச் செய்யாதவனிடம் குற்றமில்லை. முடிந்ததைச் செய்யாதவன் அதற்குப் பதில் சொல்லவேண்டும். அறிவு நம்மிடம் இருக்கிறது, குறைவாயிருப்பது விருப்பமே என்பது அவர் துணிபு.

இதற்கு மறுப்புச் சொல்ல இடமுண்டு. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொழுநோயாளர் நடுவே வாழ்ந்து அந்நோயினாலேயே இறந்த தமியான் அடிகளார் ஒருவர் இருந்தார் என்பதனால், எல்லா மனிதரும் மொலொக்காய்த் தீவுக்குப் போகக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவார்களா? ஓர் அபூர்வமான அதிபர் செய்து காட்டியதைச் சாதாரண மனிதர் எல்லாரிடமும் கேட்பது நீதியா? இது நல்ல மறுப்பு. இதற்கு எட்மண்ட்ஸ் பக்கத்திலிருந்து பாதிப் பதில்தான் உண்டு: அந்தப் பாடசாலைகளிற் கண்டவை மேலே சொன்னது போலச் சாதாரணமானவை, வீரச்செயல் எதுவும் வேண்டியதில்லை. மீதிப் பாதிக்கு அவருடைய கட்டுரைகளிற் பதில் இல்லை. சாதாரணமான ஐந்து காரியங்களை ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்காக, விடாமற் செய்வது சாதாரணமல்ல. ஓர் ஆண்டு நன்றாயிருந்த பாடசாலை மறு ஆண்டு சறுக்குவதை ஆய்வாளர் பலர் பின்னர் கண்டார்கள். அவர் பார்த்த பாடசாலைகள் மிகச் சில. அளந்ததும் அடிப்படைப் பாடங்களை மாத்திரமே. இவை அவருடைய வாதத்தின் பலவீனங்கள்.

வேறொரு பக்கத்திலிருந்து இதே சிக்கலை அணுகியவர் ஜேம்ஸ் கோமர். அவர் கல்விப் பேராசிரியரல்லர். யேல் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் மனநோய் மருத்துவர். அவரும் கறுப்பினத்தவரே, எட்மண்ட்ஸுக்கு ஒரு வயது மூத்தவர். தகப்பனார் உருக்காலைத் தொழிலாளி, தாயார் வீட்டு வேலைக்குப் போனவர். அந்தத் தாய் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் மிகச் சொற்பம். ஆனால் அந்த வீட்டின் ஐந்து பிள்ளைகளும் பெற்ற பல்கலைக்கழகப் பட்டங்கள் 13. கோமரோடு ஒன்றாய்ப் படித்த தோழர் மூவர் இருந்தனர். கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் குறைந்தவரல்லர். அவர்களுள் ஒருவர் குடியினால் இளமையிலேயே இறந்தார். ஒருவர் வாழ்வின் பெரும்பகுதியைச் சிறையிற் கழித்தார். மற்றவர் மனநோய் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாயிருந்தார். இவர்களுக்கு நேர்ந்தது தமக்கு ஏன் நேரவில்லை என்ற கேள்வியே தம்மை இவ்வேலைக்குக் கொண்டுவந்தது என்பார் கோமர்.

1968 இல் அவர் நியூ ஹேவன் நகரில் மிகவும் பின்தங்கிய இரண்டு ஆரம்பப் பாடசாலைகளுக்குள் நுழைந்தார். முதல் ஆண்டு ஒரே குழப்பம். பெற்றார் கோபத்துடன் கிளம்பினார்கள். பின்னர் பெற்றாரும் ஆசிரியரும் அதிபரும் ஒரே மேசையிலிருந்து திட்டமிடும் ஒழுங்கு படிப்படியாய் உருவாயிற்று. அந்த மேசைக்கு ஒரு விதி உண்டு: யாரும் யார் மேலும் குற்றம் சுமத்தலாகாது. என்ன நடந்தது, இனி என்ன செய்வது என்பதே பேச்சு. தொடங்கிய இரண்டில் ஒன்று இடையிலே விலக, வேறொன்று சேர்ந்தது. 1984 அளவில் அவ்விரு பாடசாலைகளும் நகரத்துப் பாடசாலைகளுள் மூன்றாம் நான்காம் இடங்களில் நின்றன.

அங்கே நடந்த ஒன்றைக் கோமர் எழுதியிருக்கிறார். நாட்டின் தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து புதிதாய் வந்த எட்டு வயதுப் பையனை, அவனுடைய சிறியதாயோ மாமியோ, வேலைக்குப் போகிற வழியிலே பாடசாலையில் விட்டுவிட்டுப் போனார். அந்த வகுப்புக்கு அண்மையிற்தான் வேறு புதுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்திருந்தனர். இன்னொன்றா என்ற சலிப்பு ஆசிரியையின் முகத்திலே தெரிந்தது. பையன் அதைக் கண்டான். ஆசிரியையின் காலில் உதைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். வழக்கமாக இதற்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: அதிபர் அறை, தண்டனை, மறுநாள் இன்னொரு சண்டை, கடைசியில் முரடன் என்ற பெயர். இங்கே அப்படி நடக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத முகங்கள் நடுவே தனியே விடப்பட்ட எட்டு வயதுப் பிள்ளைக்கு மனம் எப்படியிருக்கும் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். புதிதாய் வரும் பிள்ளைகளை வரவேற்க ஓர் ஒழுங்கு செய்தார்கள். அந்த ஆசிரியையையும் யாரும் கடியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரும் களைத்துப்போயிருந்த ஒரு மனிதப் பிறவியே.

எட்மண்ட்ஸ், பொறுப்பு பாடசாலையுடையது, சாட்டுச் சொல்லாதே என்கிறார். கோமர், யாரையும் குற்றம் சொல்லாதே என்கிறார். இவை ஒன்றுக்கொன்று முரணா? முதலில் எனக்கு முரணாகவே பட்டது. யோசித்துப் பார்த்தால் அப்படியல்ல. குற்றஞ்சாட்டப்பட்ட மனிதன் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளவே தன் புத்தியைச் செலவிடுவான். சாட்டுகள் பிறப்பது அங்கேதான். ஆசிரியர் பெற்றாரைச் சொல்ல, பெற்றார் ஆசிரியரைச் சொல்ல, பிள்ளை நடுவிலே நிற்கும். குற்றம் என்ற பேச்சை மேசையிலிருந்து எடுத்துவிட்டால் பொறுப்பை ஏற்க மனிதருக்குப் பயமிருக்காது. ஆனால் ஒன்று: குற்றமில்லை என்பதைப் பொறுப்பில்லை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. அந்த ஆபத்துக்கு எட்மண்ட்ஸின் அளவுகோல்தான் மருந்து.

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கு நேரே தொடர்புள்ள ஒரு செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. 1966 இல் வீட்டின் வலிமையைக் காட்டிய அதே ஜேம்ஸ் கோல்மன், 1982 இல் வேறு இருவருடன் சேர்ந்து, அரசாங்க, கத்தோலிக்க, ஏனைய தனியார் உயர்தரப் பாடசாலைகளை ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஏழை மாணவரும் சிறுபான்மை மாணவரும் ஏனையோருக்கு அவ்வளவு பின்தங்கவில்லை என்றும், வீட்டின் பிடி அங்கே தளர்ந்திருக்கிறது என்றும் அவர் கண்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவகையான கடினமான பாடத்திட்டம், ஒழுங்கு என்பவற்றை அவர் காரணமாகச் சொன்னார். பாடசாலையைச் சூழ்ந்து, ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்கள் ஒரு சமூகமாய் நிற்பதைப் பிற்காலத்திற் சேர்த்துக்கொண்டார்.

இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். அந்த நூல் பெரும் வாதத்தைக் கிளப்பியது. பணம் கட்டிப் பிள்ளையை அனுப்பும் பெற்றார், ஏழையாயினும் படிப்பில் அக்கறை கூடியவராயிருப்பார். அந்த அக்கறையின் பலனைப் பாடசாலையின் கணக்கில் எழுதலாமா என்று கேட்டார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. கத்தோலிக்கப் பாடசாலை தனக்குக் கட்டுப்படாத பிள்ளையை அனுப்பிவிடலாம். அரசாங்கப் பாடசாலை அந்தப் பிள்ளையையும் ஏற்றே ஆகவேண்டும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை எந்தப் பாடசாலையின் சராசரியிலே சேர்ந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எட்மண்ட்ஸ் 1978 இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபையிற் பெரிய பொறுப்பொன்றை ஏற்று, எழுதியதைச் செய்துபார்க்கவும் துணிந்தார். பின்னர் மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராய்ப் போனார். அங்கிருந்தபோதே 1983 இல் மரணம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், நாடே ஆபத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கும் ஓர் அரசாங்க அறிக்கை வெளிவந்திருந்தது. அதன் பின்னர் “ஆபத்திலுள்ள பிள்ளைகள்” என்ற சொற்றொடர் கல்வியாளர் வாயிலே எங்கும் அடிபடத் தொடங்கிற்று. இரக்கத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் நெற்றியில் அதை எழுதி ஒட்டிவிட்டால், ஆபத்து பிள்ளைக்குள்ளே இருக்கிற ஏதோ நோய் போலாகிவிடுகிறது. பிள்ளை நிற்கிற இடத்தில்தானே ஆபத்து?

அவர் மறைந்து இருபது ஆண்டு கழியுமுன் அவருடைய சொற்கள் சட்டமாயின. 2002 சனவரியில் கையொப்பமான ஒரு சட்டம், எந்தப் பிள்ளையையும் பின்னே விட்டுவிடக்கூடாது என்றது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள் ஒவ்வொரு கூட்டத்தாரின் பெறுபேறும் சராசரிக்குள் மறையாமல் தனித்தனியே. 2014 அளவில் எல்லாப் பிள்ளைகளும் தேறவேண்டும். எட்மண்ட்ஸ் கேட்டதும் இதுதானே? ஏறக்குறைய இதுதான். ஆனால் இத்தோடு ஒரு தடியும் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு இலக்கை எட்டாத பாடசாலையின் ஆசிரியரை மாற்றலாம், பாடசாலையையே மூடலாம். கோமரின் மேசையில் இல்லாத குற்றம், இங்கே சட்டப் புத்தகத்தில் ஏறிக்கொண்டது. 2014 வந்தது, எல்லாப் பிள்ளைகளும் தேறவில்லை. 2015 இறுதியில் அச்சட்டத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தார்கள்.

அதற்கிடையில் அட்லாண்டா நகரில் நடந்ததைச் சொல்லவேண்டும். அங்கே ஏழைப் பிள்ளைகளின் புள்ளிகள் ஆண்டுதோறும் ஏறின. சாட்டுக்கு இடமில்லை என்பதே நகரக் கல்விச் சபையின் கொள்கை. 2009 இல் அந்நகரின் கல்வித் தலைவிக்கு நாட்டின் சிறந்த கல்வி அத்தியட்சர் என்ற விருதும் கிடைத்தது. 2011 இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை, 44 பாடசாலைகளில் மோசடி நடந்திருக்கிறது, ஆசிரியரும் அதிபருமாக 178 பேருக்கு அதிற் பங்குண்டு என்றது. பரீட்சை முடிந்த பின் பிழையான விடைகளை அழித்துச் சரியானவற்றை அவர்களே குறித்திருந்தார்கள். 2015 இல் 11 பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாய்க் காணப்பட்டனர். அவர்களைத் தண்டித்தது சரியே. ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று தாள் சொல்லிவிட்டால், பிறகு யார் அதற்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்? அகப்பையில் வந்ததாகக் கணக்கெழுதியாயிற்று. சட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

எட்மண்ட்ஸ் தம் கட்டுரையில் எடுத்தாண்ட இன்னோர் ஆய்வையும் சொல்லி முடிக்கிறேன். மிச்சிக்கன் மாநிலத்தில் 8 பாடசாலைகளை ஆராய்ந்து 1977 இல் எழுதப்பட்டது அது. அவற்றுள் 6 பாடசாலைகள் முன்னேறிக்கொண்டிருந்தன, 2 சரிந்துகொண்டிருந்தன. ஆய்வாளர் ஆசிரியர்களிடம் போய், உங்கள் பாடசாலை உங்களுக்குத் திருப்தியாயிருக்கிறதா என்று விசாரித்தார்கள். கூடுதல் திருப்தியோடு இருந்தவர்கள், சரிந்துகொண்டிருந்த பாடசாலைகளின் ஆசிரியர்களே.